ஹோஸ்ட், தனித்தனி வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ‘ஹோஸ்ட்’ பார்த்தேன். 2020 ஊரடங்கின்போது பிரிட்டனில் எடுத்த படம். ஜூம் அழைப்பில் கூடிய நண்பர்கள் விளையாட்டாக ஆவியைக் கூப்பிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். படம் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நெருடல். வெளியே ஆயிரக்கணக்கில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது பேய்ப்படம் எடுக்க எப்படி மனம் வருகிறது? கலைக்கு அந்த உரிமை உண்டா?

நாங்களும் அதே பாணியில் இருபது நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறோம். நான்கு பாத்திரங்கள். எல்லாரும் ஒரே வீட்டில் தங்கி, நான்கு அறைகளை நான்கு வீடுகள்போல ஜோடித்து, இரண்டு நாளில் முடித்துவிடுவதாகத் திட்டம். என்ன கேமரா வாங்கலாம்? ஜூமில் பதிவாகும் ஒலி போதுமா? கடைசியில் ஒரு பெண் தூக்கில் தொங்கும் காட்சி இருக்கிறது.

மதுமிதா

அன்புள்ள மதுமிதா,

வெளியே சாவு, உள்ளே கலை என்பது பழைய கதை. 1842-ல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ ‘செஞ்சாவின் முகமூடி’ (The Masque of the Red Death) என்ற கதையாக எழுதிவிட்டார். கொள்ளைநோய் வந்ததும் இளவரசன் புரோஸ்பெரோ ஆயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டு மடாலத்துக்குள் போய்க் கதவுகளை அடைத்துவிடுகிறான். விருந்து, இசை, முகமூடி ஆட்டம். 1964-ல் இயக்குநர் ரோஜர் கார்மன் இதை இங்கிலாந்தில் படமாக்கினார். ‘பெக்கெட்’ என்ற பெரிய படத்துக்குப் போட்ட அரங்குகளின் மிச்சத்தை வைத்துக்கொண்டே இளவரசனாக நடித்த வின்சென்ட் பிரைசுக்கு ஒரு மாளிகை கட்டிவிட்டார். சிக்கனம் என்றால் அது. அந்தக் கதையில் குற்றம் ஆட்டமும் பாட்டும் அல்ல, அடைத்த கதவு. ‘ஹோஸ்ட்’காரர்கள் யாரையும் வெளியே தள்ளிக் கதவடைக்கவில்லை. 2020 மார்ச் 23 முதல் நாட்டில் எல்லாருக்கும் சொன்னதுபோல வீட்டில் இருந்தார்கள், இருந்த இடத்தில் வேலை செய்தார்கள். இயக்குநர் ராப் சாவேஜ் நடிகர்கள் இருந்த அறைகளில் கால் வைக்கவில்லை. அவர்களிடம் போய் அறம் கேட்பது வீண்வேலை.

உங்கள் இரண்டாவது பத்தியால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரே வீடு, நான்கு அறை, இரண்டு நாள்! அந்தப் படத்தை ரசித்த உங்களுக்கு அது எதனால் பயமுறுத்தியது என்பது மட்டும் பிடிபடவில்லை.

ஒரே வீட்டில் என்ன ஆகும் என்று சொல்கிறேன். அடுத்தடுத்த அறைகளில் இரண்டு லேப்டாப் ஒரே அழைப்பில் இருந்தால், ஒன்றின் ஸ்பீக்கர் சத்தத்தை மற்றதன் மைக் பிடித்து ஊளையிடும். ஹெட்போன் போட்டால் ஊளை நிற்கும். சுவரைத் தாண்டி வரும் குரல் நிற்காது. ஒருத்தி அலறுகிறாள் என்று வையுங்கள். அடுத்த அறைக்காரிக்கு அலறல் முதலில் சுவர் வழியாகக் கேட்கும், அழைப்பின் வழியாகக் கால் நொடி, அரை நொடி கழித்துத்தான் வரும். அவள் முகம் அதற்குள் திடுக்கிட்டு முடித்திருக்கும். எடிட்டிங்கில் நகர்த்தி ஒட்டலாம். ஆனால் நான்கு அறையிலும் ஒரே தெரு இரைச்சல், ஒரே நாய், ஒரே குக்கர் விசில். நான்கு வீடு என்று எந்தக் காது நம்பும்?

இதைவிடப் பெரிய சேதம் வேறு. கூட ஆள் இருந்தால் வேலையை அவரிடம் தள்ளிவிடுவீர்கள். நாற்காலியை ஒருவர் இழுப்பார், கதவை ஒருவர் சாத்துவார். நடிப்பவள் காத்திருப்பாள், அந்தக் காத்திருப்பு கண்ணில் தெரியும். ‘ஹோஸ்ட்’டில் விளக்கு வைத்ததும் கேமரா பொருத்தியதும் வீட்டுக்குள் செய்ய முடிந்த தந்திரங்களைச் செய்ததும் நடிகர்களேதான். அவர்களுடைய சொந்தப் பெயர்களே பாத்திரங்களுக்கும் பெயர்கள். ஒத்திகையாக ஜூமில் நிஜமாகவே ஓர் ஆவி அழைப்புக்கு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஓடாத படத்துக்கு, யோசனையிலிருந்து முடிவுவரை ஏறத்தாழ 12 வாரம். நீங்கள் இரண்டு நாள் என்கிறீர்கள்.

நால்வரும் அவரவர் வீட்டிலேயே இருந்து எடுங்கள். தனியாகவே நாற்காலியை நகர்த்தலாம். தூண்டில் தங்கூஸ், அதாவது நைலான் இழை, 0.25 மில்லிமீட்டர் வாங்குங்கள். நாலைந்து கிலோ இழுவை தாங்கும், ஒரு மர நாற்காலிக்குப் போதும். நாற்காலியின் முதுகில் கட்டாதீர்கள், குடை சாய்ந்துவிடும். காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் கட்டுங்கள். முடிச்சை எச்சிலில் நனைத்து இறுக்க வேண்டும், காய்ந்த முடிச்சுதான் முதலில் அறும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தங்கூஸ் முதலில் ரப்பர்போல நீண்டு, பிறகு நாற்காலி வெடுக்கென்று குதிக்கும். பேய் அப்படி இழுக்காது. மறுமுனையை மேசைக்கடியில் கொண்டுவந்து உங்கள் பாதத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். கேமராவுக்கு நெஞ்சுக்கு மேல்தான் தெரியும், கால் சும்மாதானே இருக்கிறது? முகம் கதை பேசட்டும், கால் பேயாகட்டும். தங்கூஸ் பளபளத்தால் கருப்பு மார்க்கரால் ஒரு தடவை இழுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் விளக்கு வைக்கவே கூடாது.

படத்தில் எம்மா தரையில் மாவு தூவுவாள், காலடி விழும். உங்களுக்கும் அந்த ஆசை வரும். மூன்றடிக்கு மூன்றடி கருந்தரைக்கு ஒரு கப் மைதா போதும், சல்லடையில் தட்டித் தூவுங்கள். ஜன்னலை மூடி, போனைச் சுவரோடு அசையாமல் பொருத்தி, வெளிச்சம், நிறம், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். வெற்று மாவை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். பதிவை நிறுத்தாமல், பாதத்தின் வடிவில் வெட்டிய செருப்பு ரப்பரைக் குச்சி முனையில் ஒட்டி அழுத்துங்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சட்டகத்தை விட்டு முழுசாக விலகிப் பத்து நொடி காத்திருங்கள். நடுவில் இருக்கும் உங்களை எடிட்டிங்கில் வெட்டி எறிந்தால் காலடி தானாக விழும். போனைத் தொட்டால் போச்சு. ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒட்டு துள்ளும். இன்னொன்று, ஆவி அழைப்பு என்றதும் மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள். காற்றில் பறக்கும் மாவு தீப்பிடிக்கும். மாவுக் காட்சியில் நெருப்பு கிடையாது, பேட்டரி விளக்குதான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் திடுக்கிட வேண்டிய இடத்தில் “இப்போ” என்று கத்தாதீர்கள், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தாமதத்தில் போய்ச் சேரும். ஒரு வசனத்தை அடையாளமாக வைத்து, அதிலிருந்து அவரவர் மனசுக்குள் நான்கு எண்ணட்டும்.

ஜூம் ஒலி போதாது. இரைச்சலை அடக்குகிறேன் என்று அந்த மென்பொருள் குரலை வைத்துக்கொண்டு தட்டல், கிறீச்சிடல், தூரத்துக் காலடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். பேய்ப்படத்தில் பேயே அதுதானே! ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியைப் போட்டால் ஓரளவு தேறும். ஆனாலும் ஒவ்வொருவரும் சட்டகத்துக்கு வெளியே இன்னொரு போனில் 48 கிலோஹெர்ட்ஸில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒன்று. இரண்டும் பொருந்தாவிட்டால் ஒலி விலகிப் போயிருக்கிறது என்று தெரியும். போன் வீடியோவில் பிரேம் வேகம் ஏறி இறங்கும். எடிட்டிங்குக்கு முன்பே சீராக நொடிக்கு 25 பிரேமுக்கு மாற்றிவிடுங்கள்.

கேமரா வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் மின்சாரமும் பிரிட்டனைப்போல 50 ஹெர்ட்ஸ்தான், டியூப்லைட் மினுக்காது. ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால், பின்சுவருக்குச் சின்ன விளக்கு ஒன்று வாங்குங்கள். முழு இருட்டில் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிப் படத்தைப் புள்ளி புள்ளியாக்கிவிடும்.

தூக்குக் காட்சி. இவ்வளவு யோசித்து எழுதும் பெண் அதை ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். வீட்டில், தனியாக, கழுத்துக்கு அருகில் எந்தக் கயிறும் வரக்கூடாது. பொய் முடிச்சு, அவிழும் முடிச்சு, ‘ஸ்டூல் இருக்கிறது’ எதுவும் வேண்டாம். ஸ்டூல் சறுக்க ஒரு நொடி போதும். ஓடி வர அந்த வீட்டில் ஆள் இருக்கமாட்டார். தொங்கும் கால் கட்டாயம் வேண்டுமென்றால், உயரமான மேசையைக் கருப்புத் துணியால் முழுக்க மூடி, விளிம்பில் உட்கார்ந்து பாதங்களைத் தளரக் கீழே நீட்டுங்கள். சட்டகம் முழங்காலுக்குக் கீழே மட்டும். மெல்ல ஆட்டினால் போதும், மிச்சத்தைப் பார்ப்பவன் பார்த்துக்கொள்வான். கயிற்றை நீக்கிவிட்டு, வீட்டை நான்காக்கி, திரைக்கதையை அனுப்புங்கள். படிக்கிறேன்.