விதையும் கிணறும்: ஆபிரிக்க உழவர் பற்றி வாசகர் கேள்விகள்

ஆபிரிக்க உழவர்களின் உணவு இறைமை (தம் விதையையும் உணவையும் தாமே தீர்மானிக்கும் உரிமை) பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையை வாசித்துப் பலர் எழுதியிருந்தீர்கள். ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: 2002இல் சாம்பியாவில் பஞ்சம். அமெரிக்கா கொடுத்த சோளம் மரபணு மாற்றியது என்று சொல்லி அந்த அரசு மறுத்ததாம். பசித்த சனத்துக்கு வந்த சாப்பாட்டை மறிக்க என்ன உரிமை?
– வாசகர், கோண்டாவில்

உரிமை இருக்கிறது. அதைப் பாவித்த விதத்தில்தான் எமக்கு முழு உடன்பாடு இல்லை.

வந்தது மாவல்ல, முழுத் தானியம். நிவாரண மூட்டையில் நல்ல மணியாகப் பார்த்து இரண்டு பிடி எடுத்து அடுத்த மழைக்கு ஊன்றுவது உழவர் வீடுகளில் வழமை. சோளமோ காற்றில் மகரந்தம் பறக்கும் பயிர். ஒரு மூலையில் ஊன்றினாலும் பக்கத்துக் காணிக் கதிரில் கலப்பு ஏறிவிடும். இரண்டு மூன்று போகம் கடந்தபின் எது பழைய விதை, எது புதிது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

அயல்நாடுகளான மலாவி, மொசாம்பிக், சிம்பாப்வே மூன்றும் அரைத்துத் தந்தால் வாங்குகிறோம் என்றன. மா முளைக்காது, வயிறும் நிரம்பும், விதையும் தப்பும். ஜனாதிபதி லெவி முவனவாசாவின் அரசு உண்பதற்கும் பாதுகாப்பு உறுதியாகவில்லை என்று மாவையும் மறுத்தது. அரைக்கும் நிபந்தனையே நியாயமானது என்பது எம் கருத்து. அதிலும் சிக்கல் உண்டு: மா கனநாள் கிடவாது, அரைக்கும் செலவை யார் பொறுப்பது என்ற இழுபறியும் வரும். அந்தச் செலவு உதவி கொடுப்பவருடையது; பசித்தவரின் தலையில் கட்டக்கூடாது.

அந்த நேரம் உயிரியல் பாதுகாப்புக்கான கார்த்தகேனா நெறிமுறை 2000 ஜனவரியில் ஏற்கப்பட்டிருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தது 2003 செப்டெம்பரில். அந்தப் பேச்சுவார்த்தையில் ஆபிரிக்க நாடுகளின் குரலாக நின்றவர் எத்தியோப்பிய அறிவியலாளர் தெவோல்டே பெர்ஹான். முளைக்கக்கூடிய மரபணு மாற்று உயிரிகளை எல்லை தாண்டி அனுப்புவதைப் பற்றியதே அந்த நெறிமுறை. இலங்கையும் 2004இல் அதில் சேர்ந்தது.

கேள்வி: மரபணு மாற்று விதை நல்லதா, கெட்டதா? ஒரு வரியில் சொல்லுங்கள்.
– வாசகர், மானிப்பாய்

ஒரு வரியில் சொன்னால் அது பிழையான பதிலாகிவிடும். எந்தப் பயிர், எந்தப் பூச்சி, யார் கண்காணிப்பது என்று கேட்டுத்தான் சொல்லலாம்.

புர்கினா பாசோவில் 2008 முதல் பி.ரி. பருத்தி (புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்க, ஒரு பக்றீரியாவின் மரபணு ஏற்றிய பருத்தி) பெரிய அளவில் பயிரானது. காய்ப்புழு குறைந்தது, மருந்தடிப்பும் குறைந்தது. ஆனால் பஞ்சு இழையின் நீளம் குறைந்துவிட்டது. நீள இழைக்குப் பெயர்பெற்ற நாடு அது. சந்தையில் விலை இறங்கியது. சில ஆண்டுகளிலேயே பருத்திக் கம்பனிகள் பழைய இனத்துக்குத் திரும்பின. பூச்சிக் கணக்கு சரியாக வந்தும் சந்தைக் கணக்கு பிழைத்தது.

தென்னாபிரிக்காவில் கெட்டது வேறு இடத்தில். பி.ரி. சோளம் போடுகிறவர் காணியில் ஒரு பங்குக்குச் சாதாரண சோளமும் போடவேண்டும்: மருந்தடிப்பதானால் 20 வீதம், அடிக்காவிட்டால் 5 வீதம். அந்தப் பங்கில் வளரும் சாதாரணப் புழுக்கள் பூச்சியாகி, நஞ்சுக்குத் தப்பிய ஒன்றிரண்டோடு இணைசேரும். எதிர்ப்புக் குணம் பரவாமல் அது மறிக்கும். பலர் அந்தப் பங்கை ஒழுங்காக விடவில்லை. 1998இல் தொடங்கிய பயிருக்குப் பத்து ஆண்டு ஆகுமுன்னரே தண்டுதுளைப்பான் அந்த நஞ்சைத் தாங்கத் தொடங்கிவிட்டது.

மூன்று பரப்பு, நாலு பரப்புக் காணிக்காரரிடம் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்றால் விடுவாரா? இங்கே இப்படியொரு விதைக்கு அனுமதி கேட்டு யாராவது வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கேள்வி: கௌபியை எப்படி வைத்தாலும் மூன்றாம் மாதம் வண்டு துளைத்துவிடுகிறது. மேற்கு ஆபிரிக்காவில் மருந்தில்லாமல் வைக்கிறார்களாம். எப்படி?
– வாசகி, உரும்பிராய்

கௌபியின் தாய்நிலமே ஆபிரிக்கா. அந்த வண்டோடு கனகாலம் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: வண்டு உங்கள் சாக்கில் பிறப்பதில்லை. தோட்டத்தில் காய் முற்றும்போதே முட்டை இட்டுவிடுகிறது. ஆகவே காயைச் செடியில் கிடந்து உலரவிடாமல் முற்ற முற்ற ஆய்ந்தெடுங்கள்.

அடுத்தது வெய்யில் சூடு, கமரூனில் பழகிய முறை. நிலத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் 3 மீற்றர் நீள அகலக் கறுப்புப் பொலித்தீனை விரிக்க வேண்டும். அதில் கௌபியை 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பரப்புங்கள். ஏறக்குறைய 50 கிலோ பிடிக்கும். மேலே ஒளி ஊடுருவும் பொலித்தீன் மூடி, நாலு ஓரத்தையும் சுருட்டிக் கல் வையுங்கள். உள்ளே 57 பாகை செல்சியஸ் ஒரு மணி நேரம் நின்றாலே முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். நல்ல வெய்யிலில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும். தடிப்பமாகப் பரப்பினால் அடியில் கிடப்பது தப்பிவிடும். வைக்கோலை விட்டால் சூடு நிலத்துக்குள் இறங்கிவிடும்.

சூட்டோடு பையில் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆறவிட்டு அன்றைக்கே காற்றுப் புகாமல் அடையுங்கள். திறந்து கிடந்தால் இரவே புது வண்டு வரும்.

அடைப்பதற்கு நைஜர், நைஜீரியா உழவர்கள் பாவிப்பது மூன்றடுக்குப் பை: உள்ளே 80 மைக்ரோன் தடிப்பமுள்ள இரண்டு பொலித்தீன் பைகள், வெளியே உரப்பை மாதிரி நெய்த பை. ஒவ்வொன்றையும் காற்றை அமத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து, தனித்தனியே கட்ட வேண்டும். தப்பிய புழு உள்ளே இருக்கும் ஒட்சிசனைத் தானே தீர்த்துவிட்டுத் தின்பதை நிறுத்திக் காய்ந்து சாகும். கடைக்குக் கொண்டுபோகும் மெல்லிய பை இதற்கு உதவாது. பை கிடைக்காவிட்டால் இறுக்கமான மூடியுள்ள 5 லீற்றர்ப் போத்தல் போதும். கழுத்துவரை நிரப்பி, மூடி, இரண்டு மாதம் திறக்காமல் விடுங்கள். அரைப் போத்தலாக வைத்தால் மிச்சக் காற்று புழுவுக்கு உதவும்.

ஈரம் இருந்தால் எல்லாம் வீண். காய்ந்த போத்தலில் ஒரு பிடி கௌபியும் ஒரு தேக்கரண்டி உலர்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் இரண்டு நாள் காயவிடுங்கள். விதைக்கு வைப்பதில் ஊன்றுமுன் நூறு மணியை நனைத்த சாக்குத்துண்டில் சுருட்டி முளைவிடப் பாருங்கள். எண்பதுக்குக் குறைந்தால் ஒரு குழிக்கு ஒரு மணி கூட்டிப் போடுங்கள்.

கேள்வி: அயலவருக்கு விதை கொடுத்தால் சிறையா? கென்யாவில் அப்படிச் சட்டமாம்.
– வாசகர், சாவகச்சேரி

இருந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் சான்றும் இல்லாத விதையை விற்றால், பரிமாறினால் இரண்டு ஆண்டு சிறை அல்லது பத்து லட்சம் ஷில்லிங் தண்டம். சிறு உழவர்கள் 15 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2025 நவம்பரில் மேல் நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. போலி விதை விற்பவனைப் பிடிக்கச் சட்டம் தேவை. அதே வலையில் கொத்தளவு பயறு மாற்றிக்கொள்ளும் கிழவியும் விழக்கூடாது.

கடையில் வாங்கும் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பின) மிளகாய், தக்காளி விதையைச் சேமிக்காமல் தடுக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. அதன் விதையைப் போட்டால் ஒரு செடிபோல் மற்றது வராது. சேமிக்க நினைப்பவர் நாட்டினத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்கும் நைஜீரிய ஓகோனி மக்களின் எண்ணெய்க் கசிவுப் பிரச்சினைக்கும் ஒப்பீடு சரியா?
– வாசகி, ஏழாலை

அளவில் ஒப்பிட முடியாது. ஐ.நா. சூழல் நிகழ்ச்சித்திட்டம் 2011இல் வெளியிட்ட ஓகோனி அறிக்கையில், நிசிசியோக்கென் ஒகாலே ஊரில் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் உலக சுகாதார நிறுவன எல்லையைவிட 900 மடங்குக்கு மேல்; ஓரிடத்தில் நிலத்தடி நீரின்மேல் 8 சென்ரிமீற்றர் எண்ணெய்ப் படலம். முழுதாகத் துப்புரவாக்க 25 முதல் 30 ஆண்டு ஆகலாம் என்றது அறிக்கை. இரண்டு ஊருக்கும் பொதுவானது வேறொன்று: நோவு கிணற்றுக்காரருக்கு, நிரூபிக்கும் சுமையும் அவருக்கே. சுன்னாக வழக்கில் உயர் நீதிமன்றம் அங்கிருந்த மின்நிலையக் கம்பனியை 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது, பல ஆண்டுகளின் பின்.

ஆகவே கிணற்றில் எண்ணெய் மணம் தெரிந்த அன்றே சான்று சேருங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். பொந்துகள் வழியே நீர் வேகமாக ஓடும், இன்றைய அளவு அடுத்த மாதம் இராது. கொதிக்கவைத்தால் எண்ணெய் போகாது, குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். மாதிரிக்குக் கண்ணாடிப் போத்தல் மட்டும். பிளாஸ்திக் எண்ணெயை உறிஞ்சும். கிணற்று நீரால் போத்தலைக் கழுவாதீர்கள், சுவரில் படலம் ஒட்டி அளவு பிழைக்கும். பென்சீன் பார்ப்பதானால் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். எடுக்கும்போது கிராம அலுவலரையோ அயலவர் இருவரையோ கூப்பிட்டு, திகதி, நேரம், நீர்மட்டம் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அறிக்கையின் மூலப்பிரதியை எவரிடமும் கையளிக்காதீர்கள். கேட்பவருக்கு நிழற்பிரதி போதும்.