மொட்டைமாடியில் செருப்பைக் கழற்றிப் பாருங்கள்

கத்திரி தொடங்கியதிலிருந்து வடசென்னை வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், பேட்டையின் பெயர் மட்டும் மாறுகிறது: "எந்த ஏசி வாங்கலாம்?" அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கூரை.

தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி, அதுதான் கடைசி மாடி. இரவு 11 மணிக்கும் ஃபேன் காற்று அனலாக இறங்குகிறது. ஃபேனை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. ஃபேன் காற்றைக் குளிராக்குவதில்லை, இருக்கிற காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். இன்று இரவு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கிறது.

வெயில் கான்கிரீட்டுக்குள் போகும் முன்பே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு மலிவான வழி வெள்ளை. எங்கள் மாடியில் ஒரு வருஷம் பாதி அடிக்கும்போதே சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. மறுநாள் மதியம் 2 மணிக்கு, காயப்போட்ட வடாமை எடுக்க வெறுங்காலோடு ஏறினேன். வெள்ளைப் பக்கம் நின்று பக்கத்து மாடிக்காரரோடு பேச முடிந்தது. சுண்ணாம்பு படாமல் தட்டோடு (தளத்தில் பதித்த ஓடு) தெரிந்த பக்கம் மூன்று எட்டு வைப்பதற்குள் துள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் நான் விளக்கம் சொல்வதில்லை, செருப்பைக் கழற்றிப் பாருங்கள் என்கிறேன்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டு ஊறவிடுங்கள். கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து, பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, வெள்ளைப் பசை கொஞ்சம் கலந்து, மாடியை நன்றாகக் கழுவிய பிறகு மூன்று கோட் அடியுங்கள். ஐப்பசி மழையில் பெரும்பகுதி போய்விடும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டியதுதான். அந்த வேலை வேண்டாம் என்றால் கூல் ரூஃப் பெயின்ட் இருக்கிறது. விலை அதிகம், ஆனால் சில வருஷம் நிற்கும். வாளியின் மேல் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள், வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு அது, 100-ஐ ஒட்டியோ மேலேயோ இருந்தால் நல்லது. சுவருக்கு அடித்து மீந்த வெள்ளை எமல்ஷனை மட்டும் மாடிக்கு அடிக்காதீர்கள். நான் அடித்தேன். கார்த்திகைக்குள் தோல் தோலாக உரிந்து மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டது.

இன்னொன்று. நம் பக்கம் லாரிப் புழுதிக்குக் குறைவில்லை. எண்ணூர்ப் பக்கமானால் அனல்மின் நிலையச் சாம்பலும் சேரும். வெள்ளை சாம்பல் நிறமானால் பலன் குறைந்துவிடும், மாதம் ஒருமுறையாவது துடைப்பம் போடுங்கள்.

வியாசர்பாடியில் சிமென்ட் ஷீட் வீடு. உள்ளே தெர்மாகோல் அடித்தால் சூடு குறையும் என்கிறார்கள்.

குறையும். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். மின்கம்பி ஓடுகிற கூரைக்கடியில், அடுப்பும் விளக்கும் இருக்கிற ஒரே அறையில், தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். ஷீட்டின் மேல் கீற்று வேய்வதும் குளுமைதான், ஆனால் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கிற தெருவில் ஒரு வாணப் பொறி போதும். ஷீட்டுக்கு ஒரு அடி உயரத்தில் கம்பு நட்டு, பச்சை நிற நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள். வலைக்கும் ஷீட்டுக்கும் நடுவே காற்று ஓட வேண்டும், படிந்து கிடந்தால் பயனில்லை. ஷீட் பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்கவோ துளை போடவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்.

ஏர் கூலர் வாங்கலாமா சார்? ஏசியை விட கரண்ட் ரொம்பக் கம்மி என்று கடையில் சொன்னார்கள். – திருவொற்றியூர்

கரண்ட் கம்மி என்பது உண்மை. ஆனால் கூலர் வேலை செய்வது தண்ணீர் ஆவியாவதால். கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அதில் இன்னும் ஈரத்தை ஏற்றினால் குளிர்ச்சி வராது, கசகசப்புதான் மிஞ்சும். வேலூரில் இருக்கும் உங்கள் மாமாவுக்கு அது நன்றாக வேலை செய்யும். வெட்டிவேர் தட்டிக்கும் இதே கதைதான், வாசனைக்காக வேண்டுமானால் தொங்கவிடுங்கள்.

உங்களுக்கு இருக்கிற இலவச ஏசி கடல்காற்று. காலை 10 மணி வாக்கில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று அனலாக வீசத் தொடங்கும்போது ஜன்னல்களைச் சாத்தி, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டிவிடுங்கள். உள்ளே போடும் திரையை விட வெளியே போடும் நிழல் பல மடங்கு மேல். கண்ணாடியைத் தாண்டிய வெயில் உங்கள் வீட்டு வெயில்தானே. மதியத்துக்கு மேல் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியதும் எல்லாவற்றையும் திறங்கள். சில நாள் மேல்காற்று விட்டுக்கொடுக்காது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, சென்னையில் அதுதான் உச்சம்.

பெரம்பூரில் வாடகை வீடு. வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்கள். எதில் சேமிப்பது?

உங்கள் கோபம் நியாயமானது. முதல் 100 யூனிட் இலவசம் என்பது உங்கள் வீட்டு வாசலுக்கு வரவே இல்லை. அதனால் போகும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடிய பொருளில் மட்டும் பணம் போடுங்கள். பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தது) முதலில். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட் அளவு. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், உங்கள் கணக்கில் 360 ரூபாய். சுமார் 3,000 ரூபாய் ஃபேன், ஒன்றரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

எங்களுக்குத் தனி மீட்டர். போன முறை 490 யூனிட், இந்த முறை 510. பில் ஏன் இப்படி எகிறியது?

500-ஐத் தாண்டியதால். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 வரை என்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாய். தாண்டினால் அந்தச் சலுகை போய், 4.50 ஆகிவிடும். அதாவது 501-ஆவது யூனிட் ஒன்றின் விலை அன்றைய கணக்கில் 233 ரூபாய் (பறிபோன சலுகை 225, மீதி அந்த யூனிட்டுக்கே)! விகிதம் பிறகு மாறியிருக்கிறது, உங்கள் பில்லில் இருப்பதை வைத்துப் போட்டுப் பாருங்கள். 45-ஆவது நாள் மீட்டரை ஒருமுறை எட்டிப் பார்க்கிற பழக்கம் போதும்.

ராயபுரத்தில் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. இடித்துவிட்டு கான்கிரீட் போட்டால் ஏசிக் குளிர் நன்றாக நிற்குமாமே?

யார் சொன்னது? தேக்கு உத்திரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் தடிமனாக இருக்கிற கூரை, அதுவும் அந்த உயரத்தில். நான் என்றால் விடமாட்டேன். சுவர் உச்சியில் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருப்பீர்களே, அதைத் திறந்து கொசுவலை அடியுங்கள். சூட்டுக் காற்று ஏறிப் போக வழி வேண்டும். உத்திரத்தில் கரையான் இருக்கிறதா என்று ஆசாரியைக் கூப்பிட்டுப் பாருங்கள், அது வேறு விஷயம்.

காசிமேட்டில் இருக்கிறோம். ஏசி வாங்கியே தீருவது என்று முடிவு. என்ன பார்க்க வேண்டும்?

சரி, வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை), காப்பர் காயில். உப்புக்காற்று வெளியே இருக்கும் யூனிட்டைத் தின்னும், அதனால் காயிலுக்குத் துருக்காப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு அதன் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். 2020-இலிருந்து ஸ்டார் முத்திரை ஏசிகள் சுவிட்சைப் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்கும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது ஸ்டார் முத்திரை தரும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ.யின் கணக்கு. 27-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள், போர்வை தேடத் தேவையிருக்காது. வடியும் தண்ணீரை வாளியில் பிடித்தால் தரை துடைக்க ஆகும், மெட்ரோ வாட்டர் லாரி வராத நாளில் அதன் அருமை தெரியும்.