ஆண்கள் வாசிப்பதற்கும் பெண்கள் வாசிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் ஆண்களுக்கு அரசியல், பெண்களுக்குக் குடும்பக் கதை என்று பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். எங்கே, எந்த நேரத்தில் படிக்க முடிந்தது என்பதில்தான் வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் செய்தித்தாள் மேசையைச் சுற்றி எப்போதும் ஆண்கள்தான். டீக்கடை பெஞ்சிலும் அப்படியே, பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். அம்மா அந்த நூலகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனால் அங்கிருந்த நாவல்களில் பாதியைப் படித்திருப்பார். உறுப்பினர் அட்டை அப்பா பெயரில், எடுத்து வருவது நான். லட்சுமி, அனுத்தமா, சிவசங்கரி என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்.

வாரப் பத்திரிகை வந்தால் முதலில் அப்பா கைக்குப் போகும். அம்மாவுக்குக் கிடைப்பது ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு. தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் பிளேடால் வெட்டிச் சேர்த்து, கதை முடிந்ததும் சாக்கு ஊசியால் தைத்து, மைதாப் பசை காய்ச்சிக் காலண்டர் அட்டையை ஒட்டிவிடுவார். அப்படித் தைத்த ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் விரல் பதிந்திருக்கிறது. பின்னட்டையில் பென்சிலால் ஏழெட்டு வீட்டுக்காரர்களின் பெயர்கள், வாங்கிப் போனவர்கள்.

அப்பா படித்த செய்தியை டீக்கடையில் பேசினால் அது உலக விஷயம். கதாநாயகி புருஷன் வீட்டுக்குத் திரும்பியது சரியா என்று அம்மாவும் அத்தையும் கிணற்றடியில் வாதாடினால் அது வெறும் கதைப் புத்தகம். இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 27, பெண்கள் 9 பேர்கூட இல்லை. அதனால் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கு வாசிப்பு என்றால் ஒருவர் படிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பது. 1925இல் ஜகன்மோகினி பத்திரிகையை ஏற்று நடத்திய நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகியே, தான் சொல்லச் சொல்லத் தோழி எழுதித்தான் முதல் நாடகத்தை உருவாக்கினார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஆண்கள் 87, பெண்கள் 73 என்று வந்துவிட்டது. எழுத்து வந்துவிட்டது சரி, நேரம்?

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. போனில் பிரதிலிபி என்ற கதைச் செயலியில் தொடர்கதை படிக்கிறார். அப்பா காலை ஏழு மணிக்கே பேப்பரோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். அம்மா அன்றைய அத்தியாயத்தைத் திறக்கும்போது ராத்திரி பத்து மணி ஆகிவிடுகிறது.