பிப்ரவரி 28 அறிவியல் நாள்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

காட்பாடி, ஆசிரியை: சார், அறிவியல் நாளுக்கு ராமன் விளைவைப் பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டணும். தண்ணியில பால் கலந்து டார்ச் அடிச்சா போதுமா?

அது ராமன் விளைவு இல்லைங்க டீச்சர், சாதாரண ஒளிச்சிதறல். அங்கே நீல ஒளி நீலமாகவே சிதறுகிறது. 1928-இல் ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் கண்டது, சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கின் அலைநீளமே மாறிவிடுகிறது என்பதை. அந்தப் பங்கு ஏறத்தாழ கோடியில் ஒன்று. வகுப்பறையில் வெறுங்கண்ணுக்கு அகப்படாது. ஆலிவ் எண்ணெயில் பச்சை லேசர் விட்டால் தெரிகிற செந்நிறமும் ராமன் விளைவு அல்ல, எண்ணெயில் உள்ள பச்சையம் ஒளிர்வதுதான்.

பால் சோதனையைத் தாராளமாகச் செய்யுங்க, வானம் ஏன் நீலம் என்று விளக்க அருமையானது. ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி பாலில் தொடங்கிச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்க. பக்கவாட்டில் நீலச்சாயலும் எதிர்முனையில் மஞ்சள் கலந்த செம்மையும் தெரியும்போது நிறுத்திவிடணும். பலரும் பாலை அதிகமாக ஊற்றி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடுகிறார்கள். நீளமான மீன்தொட்டி, இருட்டறை இரண்டும் அவசியம்.

குடியாத்தம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்: சார், 12 மணிக்குக் குச்சி நிழல் அளந்தா அதுதான் குறைந்த நிழலா?

இல்லை தம்பி. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, வேலூர் 79.1-இல் இருக்கிறது. அதனால் 13 நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதம். பிப்ரவரிக் கடைசியில் சூரியன் கடிகாரத்துக்கு இன்னும் 12, 13 நிமிடம் பின்தங்கும். ஆக உச்சி 12:26 வாக்கில். ஒரு மீட்டர் குச்சிக்கு அப்போது நிழல் 38 செ.மீ. இருக்கும்.

ஆனால் உச்சியை ஒட்டி நிழல் நீளம் மாறுவதே தெரியாது, குறைந்த நிழலைத் தேடினால் ஐந்து நிமிடம் வரை பிசகும். நம்பகமான வழி வேறு. குச்சியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக்கி 70 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடு. காலை பத்தரையை ஒட்டி நிழல்முனை வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும், மதியம் இரண்டேகாலைத் தாண்டி மறுபடி தொட்டு வெளியே போகும். இரு புள்ளிகளையும் நேரத்தோடு குறி. நேரங்களின் நடு உச்சி. புள்ளிகளின் நடுவிலிருந்து குச்சிக்குக் கோடு போட்டால் வடக்கு தெற்கு. தரை சமமாக இல்லாவிட்டால் எல்லாம் கெடும், மொட்டைமாடித் தரை வாட்டமாக இருக்கும் என்பதை மறந்துவிடாதே. நிழலே விழாத நாள் வேண்டுமானால் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் பார்.

ஆற்காடு, வாசகர் வட்டம்: தொலைநோக்கி இல்லாமல் சூரியனைக் கூட்டத்துக்குக் காட்ட முடியுமா ஐயா?

முடியும். சிறு முகம்பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, நடுவில் ஒரு செ.மீ. துளை விடுங்கள். வெளியே வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளி இருட்டான அறையின் வெள்ளைச் சுவரில் ஒளி விழச் செய்தால், 18, 19 செ.மீ. அகலச் சூரிய பிம்பம் கிடைக்கும். துளை பெரிதானால் பிம்பத்தின் விளிம்பு தெளிவில்லாமல் போகும், சுவர் கிட்டே இருந்தால் துளையின் உருவமே விழும். இரண்டு நிமிடத்தில் பிம்பம் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும், கண்ணாடியைத் திருப்ப ஒருவர் நிற்கட்டும். கண்ணாடி வீசும் ஒளி யார் கண்ணிலும் படக்கூடாது. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் வழியாகச் சூரியனைப் பார்க்க எவரையும் விடாதீர்கள்.

அணைக்கட்டு, தன்னார்வலர்: தண்ணீர் ராக்கெட் பாதி தூரத்திலேயே விழுந்துடுது.

தண்ணீர் அதிகம் ஊற்றுகிறீர்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போதும். ரப்பர் கார்க்கில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைக் குத்தி இறுக்கிச் செருகுங்கள், கார்க் தளர்வாக இருந்தால் அழுத்தம் ஏறுமுன்பே கழன்றுவிடும். சோடா பாட்டில்தான் எடுக்கணும். குடிநீர் பாட்டில் மெல்லிசு, வெடிக்கும். வெள்ளைக் கீறல் விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். பம்பு அடிப்பவருக்கு நீளமான குழாய் கொடுத்து, பிள்ளைகளைப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கார்க் வராமல் நின்றுவிட்டால் கிட்டே போய் எட்டிப் பார்க்க வேண்டாம், பம்பு முனையில் காற்றைத் திறந்துவிட்ட பிறகுதான் தொடணும்.