பக்கக் கிளையை விடுங்கள், பக்கத்து வயலைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவின் வெர்மாண்டில் கால் ஏக்கரில், அங்குள்ள பூர்வகுடிகளான அபெனாகி மக்களுக்காக கேலஸ் ஃபிளின்ட் என்ற கெட்டி மணி மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். விளைச்சலும் விதையும் அவர்களுக்குத்தான். செடியின் அடியில் இரண்டு, மூன்று தூர் (பக்கக் கிளை) வெடிக்கிறது. கதிரும் தாழ்வாகப் பிடிக்கிறது. தூரை ஒடித்து யூரியா போடச் சொல்கிறார் உரக்கடைக்காரர். செய்யலாமா? வேலிக்கு அந்தப் பக்கம் பால் பண்ணையின் சைலேஜ் (பதப்படுத்திய மாட்டுத் தீவனம்) மக்காச்சோளம் நிற்கிறது.

பதில்: ஒடிக்காதீர்கள். வடபகுதி ஃபிளின்ட் ரகங்களின் வாகே அதுதான். யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு இளகிச் சாயும், முதிர்ச்சியும் தள்ளிப்போகும். உங்கள் ஊரில் செப்டம்பரிலேயே உறைபனி வந்துவிடும். கோடையே வராத 1816-லும் தாக்குப்பிடித்த ரகம் என்று உங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதற்குப் போய் மூட்டை விற்கிறவரிடம் யோசனை கேட்கலாமா?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேலிக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி. மக்காச்சோள மகரந்தம் காற்றில் வரும். இந்த ரகத்தில் மஞ்சள் கதிரும் உண்டு, கருஞ்சிவப்புக் கதிரும் உண்டு. மஞ்சள் மணியில் மஞ்சள் ரகம் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக் கதிரின் நிறம் தாய்ச்செடி தரும் மேல்தோலில் இருப்பதால் அதிலும் தெரியாது. இந்த வருடம் கதிர் அழகாகவே இருக்கும். அடுத்த வருடம் அந்த விதையைப் போட்ட அபெனாகி குடும்பத்தின் வயலில்தான் நெட்டையாக, தாமதமாகப் பூக்கும் செடிகள் கிளம்பும். பரம்பரை பரம்பரையாகக் காத்த விதை அது, நம் கையால் கெடக்கூடாது.

பக்கத்துக்காரரிடம் விதைத்த தேதியையும், ரகத்தின் வயதையும் (எத்தனை நாளில் விளையும் என்பதை) இன்றே கேளுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்குமென்றால் இந்த விளைச்சல் விதைக்கு ஆகாது. சாப்பாட்டுக்குக் கொடுப்பதானாலும் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு அவர்களுடையது. விதைதான் வேண்டுமென்றால், கதிர் நுனியில் பட்டுநூல் போன்ற இழைகள் வெளிவருமுன் கதிருக்குக் காகிதப் பை மாட்டி, பல செடிகளின் மகரந்தத்தைக் கலந்து காலையில் கையால் தூவுங்கள். நூறு கதிராவது வேண்டும். பத்துப் பெரிய கதிரை மட்டும் பொறுக்கினால் சில தலைமுறையில் ரகம் நலிந்துவிடும். எந்தக் கதிர் விதைக்கு என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். பெரிய கதிர் என்பது நம் ஆசை, அவர்கள் மாவையும் ருசியையும் பார்க்கலாம்.

அடுத்த வருடமும் இதே இடம்தான் என்றால் அவர்களுடைய பீன்ஸ் விதையைக் கேட்டு வாங்குங்கள். அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், பக்கத்து வயல் பயம் இல்லை.