ஆலாத்தித் தட்டும் அம்மாவின் உறுதியும்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 41 வயது. உவர்மலையில் அம்மாவோடு இருக்கிறேன். தனியார் கம்பனி ஒன்றில் 16 வருடமாகக் காசாளர். அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் வந்த சம்பந்தங்கள் தட்டுப்பட்டுப் போயின. பிறகு எனக்கே அந்த எண்ணம் விட்டுப்போனது. அதில் பெரிய கவலை இல்லை. போன மாதம் தம்பியின் மகளுக்குச் சாமத்தியவீடு. பிள்ளைக்கு நான் ஒருத்திதான் மாமி. சங்கிலி வாங்கிக் கொடுத்தேன், பலகாரத்துக்கு மூன்று இரவு முழித்தேன். தண்ணீர் வார்க்கிற நேரம் பெரியம்மா ஒருவர், "நீ கொஞ்சம் அங்கால நில்லு பிள்ளை" என்றார். மச்சாளின் ஒன்றுவிட்ட அக்கா வந்து ஆலாத்தி எடுத்தா. நான் பந்தலுக்குப் பின்னால் வாழையிலை துடைத்துக்கொண்டு நின்றேன். இப்போது தம்பி, அம்மாவின் பெயரில் இருக்கிற எங்கள் வீட்டை அந்தப் பிள்ளைக்கு எழுதச் சொல்கிறான். அவன் இருப்பது பாலையூற்றில், மச்சாளின் சீதன வீட்டில். "அக்கா இருக்கும்வரைக்கும் இருக்கலாம்தானே" என்கிறான். அம்மாவும் தலையாட்டுகிறா. அது எனக்கென்று வைத்திருந்த வீடு. வாய் திறந்தால் வீட்டுக்கு ஆசைப்பட்டவள் என்பார்கள். நான் கலியாணம் கட்டாதது பிழையா? பேசாமல் இருப்பதா?
– வாசகி, திருகோணமலை

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதம் நாலு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் மூன்றரைப் பக்கம் சாமத்தியவீடு, அரைப் பக்கம் வீடு. எனக்கு அரைப் பக்கத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. ஆனாலும் முதலில் ஆலாத்தியைப் பேசிவிடுவோம். அது உங்கள் தொண்டையில் நிற்கிறது என்று தெரிகிறது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க முதல் உரிமை மாமிக்கு. அந்த உரிமையைத் தருவது இரத்த உறவு, தாலி இல்லை. இடையில் 'சுமங்கலி' என்ற சொல் வந்து மாமியை இடித்துத் தள்ளிவிடுகிறது. சில வருடங்களுக்கு முன் நான் போன ஒரு வீட்டில், கணவனை இழந்த தாயே தன் மகளுக்கு ஆலாத்தி எடுத்தாள். நாலு கிழவிகள் முணுமுணுத்தார்கள், பிறகு பந்தியில் இருந்து நன்றாகச் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தத் தாய் முதல் நாளே ஐயரோடும் மாமியாரோடும் கதைத்து வைத்திருந்தாள். சபையில் வைத்து யாரும் வழக்கத்தை மாற்றுவதில்லை, அதற்கு முந்தின இரவு அடுப்படியில் வைத்துத்தான் மாற்றவேண்டும். அந்தப் பிள்ளைக்கு நாளைக்குக் கலியாணம் வரும். அப்போது மச்சாளிடம் முன்கூட்டியே, "அறுகரிசி முதலில் நான்தான் போடுவேன்" என்று சொல்லி வையுங்கள். அவ மறுத்தால் மறுக்கட்டும். யார் மறுத்தார்கள் என்றாவது தெரியவரும்.

'குமர்' என்ற சொல்லை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? "வீட்டில் ரெண்டு குமர் கிடக்கு" என்று நெல்மூட்டையைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். கரைசேர்க்க வேண்டிய சுமை அது. 41 வயதிலும் நீங்கள் குமர்தான், 60இலும் அப்படித்தான். கந்தோரில் தீபாவளிக்கு முதல் நாள் கவுன்டரில் இருக்க ஆள் வேண்டுமென்றால், "உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லையே மிஸ்" என்பார்கள். டச்சு பே கடற்கரையில் பின்னேரம் குடும்பம் குடும்பமாக இறால் வடை சாப்பிடுகிற இடத்தில் தனியே இருந்து கடலைப் பார்த்தால், தெரிந்தவர் ஒருவர் வந்து "ஆரும் வரவேணுமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். (இந்த ஊரில் மான்கூடத் தனியே நடுரோட்டில் நிற்கலாம், அதை யாரும் விசாரிப்பதில்லை.) நீங்கள் எதற்கோ காத்திருக்கிறீர்கள் என்பதுதான் எல்லாருடைய கணக்கும்.

நீங்கள் கட்டாதது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வயதுக் கணக்கைப் போட்டேன். சம்பந்தம் பேசுகிற வயதில் 2006 வந்தது, மாவிலாறும் மூதூரும் சம்பூரும் எரிந்தன. 2009இல் யுத்தம் முடியும்போது உங்களுக்குப் பொருத்தமான வயதில் இருந்த ஆண்களில் எத்தனை பேர் இந்த மண்ணில் இருந்தார்கள்? செத்தவர்கள், காணாமல் போனவர்கள், கப்பலேறியவர்கள் போக மிச்சப் பேருக்கு வீடும் நகையும் ரொக்கமும் கேட்டார்கள். நீங்களோ அப்பாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தீர்கள். இதில் எங்கே பிழை? இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு இடம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

இனி வீடு. கிழக்கில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உங்கள் தம்பி மச்சாளின் வீட்டில் இருப்பதும் இந்த வழக்கத்தால்தான். இப்போது தன் மகளுக்குக் கேட்பதும் இதே வழக்கத்தைச் சொல்லித்தான். சரி, வழக்கத்தை முழுதாகச் சொல்லுவோம்: அம்மாவின் வீடு அம்மாவின் மகளுக்கு. அம்மாவின் மகள் நீங்கள். கலியாண எழுத்தோடு உறுதி எழுதுவது ஊர்ப் பழக்கம் என்பதால், கலியாணம் இல்லையென்றால் உறுதியும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது. தம்பி ஒரு தலைமுறையைத் தாண்டி எட்டிப் பிடிக்கிறார். ஆசைப்பட்டவர் யார் என்று நீங்களே பாருங்கள்.

"இருக்கும்வரைக்கும் இருக்கலாம்தானே" என்ற வாய்ப்பேச்சுக்கு என்ன பெறுமதி என்று என் சின்னம்மாவிடம் பார்த்தேன். ரீச்சராக இருந்தவ, கலியாணம் கட்டவில்லை. ஓய்வு பெற்ற கையோடு வீட்டைப் பெறாமகன் ஒருவனுக்கு எழுதிக் கொடுத்தா. நல்ல பிள்ளை அவன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருநாள் நான் போனபோது, ஒரு முருகன் படத்தையும் ஒரு கம்பி ஆணியையும் கையில் வைத்துக்கொண்டு சின்னம்மா விறாந்தையில் இருந்தா. என்ன என்று கேட்டேன். "மருமகள் வந்ததும் கேட்டிட்டு அடிப்பம்" என்றா. அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவ அவ.

அம்மா ஏன் தலையாட்டுகிறா என்றும் யோசியுங்கள். தம்பியில் கூடின பாசம் என்று நினைக்காதீர்கள். வீட்டைக் கொடுத்தால் உங்கள் கடைசிக் காலத்தில் அந்தப் பிள்ளை ஒரு நேரக் கஞ்சி தரும் என்று அவ கணக்குப் போட்டிருப்பா. உங்களுக்காகத்தான் செய்கிறா, ஆனால் பிழையான சாமானை வாங்குகிறா. தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து, கோபப்படாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "அம்மா, நீங்கள் இல்லாத காலத்தில் நான் யாருடைய வீட்டில் இருப்பன்?" கேட்டுவிட்டு அவ பதில் சொல்லும்வரை எழும்பாதீர்கள்.

சட்டப் பக்கம். முதலில் அது உறுதிக் காணியா, அரசாங்க பெர்மிட் காணியா என்று பாருங்கள். பெர்மிட் என்றால் வழி வேறு. அதில் மூத்த ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த வாரிசு ஒழுங்கை 2022இல் திருத்திவிட்டார்கள், பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். உறுதிக் காணி என்றால், அம்மா தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உங்கள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதலாம். அம்மா உள்ளவரை வீடு அவவுடையது, பிறகு உங்களுடையது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், நீங்களும் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட வேண்டும். ஒன்றும் எழுதாமலே அம்மா கண்ணை மூடினாலும் பொதுச் சட்டப்படி பிள்ளைகள் இருவருக்கும் சமபங்கு. ஆக, தம்பியின் யோசனையில் நீங்கள் இழப்பது குறைந்தது பாதி வீடு. உங்கள் குடும்பம் யாழ்ப்பாண வழியா என்று நொத்தாரிசு கேட்பார், அப்படியென்றால் யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்கச் சட்டமான தேசவழமை உள்ளே வரும். அந்தச் சட்டத்தில் கலியாணம் கட்டியவள் தன் காணியை விற்கப் புருஷனின் எழுத்துச் சம்மதம் எடுக்கவேண்டும், கட்டாதவளுக்கு அது வேண்டாம். யாரும் இதைப் பாக்கியம் என்று வாழ்த்தி நான் கேட்டதில்லை.

அவசரம் ஏன் என்றால், பிள்ளையின் பெயருக்கு நன்கொடை எழுதி ஏற்றுக்கொண்டுவிட்டால் அம்மா நினைத்த மாதிரித் திருப்பி வாங்க முடியாது. மீளப்பெற முடியாத நன்கொடையை இரத்துச் செய்ய 2017இல் வந்த சட்டப்படி, பெரும் நன்றிகேடு நடந்ததென்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அந்த வயதில் அம்மாவைப் படியேற்றுவீர்களா? எப்படியும் பிள்ளைக்குத்தான் என்று அம்மா நின்றால், உங்கள் சீவிய உரித்தையாவது அதே உறுதியில் எழுதவேண்டும். எனக்கு அது இரண்டாம்பட்சம்தான். உங்களுக்குப் பிறகு மருமகளுக்குக் கொடுக்க விருப்பமென்றால், நீங்களே பின்னொரு நாள் கொடுக்கலாம்.

இன்னொன்று. 16 வருட சேமலாப நிதியில் வாரிசாக யாரைப் போட்டீர்கள்? வேலைக்குச் சேர்ந்த நாளில் அப்பாவின் பெயரை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றுங்கள். கலியாணம் கட்டி வேலையை விடுகிற பெண் அந்தக் காசை முன்னதாகவே எடுக்கலாம், நீங்கள் 50 வயதுவரை இருக்கவேண்டும். பரவாயில்லை, அது வளரட்டும்.

மருமகளோடு கோபிக்காதீர்கள். பந்தலுக்குப் பின்னால் நீங்கள் நின்றதை அது கண்டிருக்கும், கேட்கத் தெரியாத வயது. உறுதியின் பிரதி அம்மாவின் இரும்புப் பெட்டியில் இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் தேடி எடுக்கலாம். அரை நாள் லீவு போடுங்கள், அம்மாவின் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.