காபி கொட்டிய லேப்டாப் ஓடுகிறதே, அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: நேற்று இரவு லேப்டாப் கீபோர்டில் அரை டம்ளர் பால் காபி கொட்டிவிட்டது. துடைத்து, ஃபேன் காற்றில் காயவைத்து ஆன் செய்தேன். வேலை செய்கிறது; இரண்டு மூன்று கீ மட்டும் ஒட்டுகிறது. அரிசிக்குள் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது போதுமா?

பதில்: போதாது. முதல் வேலையாக லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். மூடி வைப்பது அணைப்பது ஆகாது, முழுவதுமாக ஷட் டவுன் செய்ய வேண்டும். சார்ஜரையும் கழற்றிவிடுங்கள்.

ஓடுகிறதே, எதற்கு அணைக்க வேண்டும் என்று தோன்றும். ஈரம் மட்டும் என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு (மதர்போர்டு) பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால்தான் ஆபத்து. பாலில் உப்புச் சத்துகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் ஓடும்போது ஒரு முனையிலிருந்து உலோகம் கரைந்து பக்கத்து முனையை நோக்கி நகரும். மெல்லிய இழையாக வளர்ந்து இரண்டையும் இணைத்துவிட்டால் ஷார்ட்தான். திரையின் கேபிள் செருகும் இடம் இன்னும் மோசம். திரை வெளிச்சத்துக்கான மின்னழுத்தம் பல லேப்டாப்களில் 20 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதன் அருகிலேயே மிகக் குறைந்த வோல்ட்டில் இயங்கும் டேட்டா லைன்கள் போகும். அங்கே ஒரு சொட்டு நின்றால் போர்டே போய்விடலாம்.

சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காய்ந்த பின்னும் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இன்று நன்றாக ஓடுவது இரண்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில்கூட நின்றுபோகும்.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன். மூடிய லேப்டாப்புக்குள் இருக்கும் ஈரத்தை அரிசியால் இழுக்க முடியாது. காய்ந்த பாலையும் சர்க்கரையையும் அது தொடவே போவதில்லை. ஈரமான ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே 2024இல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. ஹேர் டிரையரும் வேண்டாம். சூடு கீகளை நெளியவைக்கும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

உங்களுக்கு வேண்டியது கழுவுதல். கடையில் பின்மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஷட் டவுன் செய்த பிறகும் பேட்டரி இருக்கும்வரை போர்டின் சில பகுதிகளில் மின்சாரம் இருக்கும். அப்புறம் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு போர்டைக் கழுவ வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கீபோர்டை மாற்ற வேண்டிவரும் என்றே நினைக்கிறேன். அதைச் சுத்தம் செய்து மீட்பது அரிது. வேறெங்கும் நகல் எடுத்து வைக்காத ஃபைல்கள் இருந்தால் அதற்காக மறுபடி ஆன் செய்யாதீர்கள். ஃபைல்கள் பதிவாகும் எஸ்எஸ்டி தனியாகக் கழலும் மாடல் என்றால் அதை எடுத்து வேறு கணினியில் படித்துக்கொள்ளலாம். போர்டோடு பற்றவைத்தது என்றால் கழுவிக் காய்ந்த பிறகுதான்.

காபி கொட்டியதைக் கடையில் மறைக்காதீர்கள். பல சாதனங்களுக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் உண்டு, திறந்ததும் தெரிந்துவிடும். சாதாரண வாரண்டியில் இது பெரும்பாலும் வராது. விபத்துச் சேதத்துக்குத் தனித் திட்டம் எடுத்திருக்கிறீர்களா என்று பில்லைப் பாருங்கள்.

இனி எப்போதாவது கொட்டினால் சுவர் சுவிட்சை அணைத்து சார்ஜரைப் பிடுங்குங்கள். சுவிட்சோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மெயினை அணையுங்கள். பிறகு பவர் பட்டனை 10 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைத்து, திரையை விரித்தபடி கீபோர்டு கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். குலுக்க வேண்டாம்.



லேப்டாப் கழுவி வந்த பிறகும் சில வாரம் கவனியுங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ, அடிப்பக்கம் உப்பினாலோ பேட்டரி வீங்குகிறது. அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள். பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும்.